சோகையும் நகரத்துச் சோறும்

பனச்சமூட்டுச் சந்தையில் நின்று மாநில எல்லை எங்கே என்று தேடுபவர் சற்றுத் திகைக்கத்தான் வேண்டும். 1956 நவம்பர் முதல் நாளன்று விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. நிலத்தில் கோடு விழுந்ததேயன்றி அடுப்புகள் பிரியவில்லை. பாறசாலைப் பக்கத்தாரும் விளவங்கோட்டாரும் உண்பது பெரும்பாலும் ஒன்றே: புழுங்கலரிசிக் கஞ்சி, பயறு, மரச்சீனிக் கிழங்கு, சாளை மீன், முருங்கைக் கீரை, தேங்காய்த் துவையல்.

இத்தகைய ஊர்களிலிருந்து தில்லிக்கும் மும்பைக்கும் பெங்களூருக்கும் உத்தியோகத்தின் பொருட்டுச் சென்றவர்கள் அங்கே என்ன உண்கிறார்கள்? காலையில் தேநீரும் ரொட்டித் துண்டும். நண்பகலில் டப்பாவில் அடைத்துச் சென்ற தயிர்ச்சோறும் உருளைக்கிழங்கும். மாலையில் மீண்டும் தேநீர், உடன் ஏதேனும் வறுவல். இரவில் வெந்த சோறும் நீர்த்த ரசமும். வயிறு நிரம்புகிறது. ஆனால் அந்த உணவில் இரும்புச் சத்து எவ்வளவு என்று கேட்பவர் சிலரே.

சோகை என்னும் சொல் நமக்குப் புதிதன்று. கரும்பின் காய்ந்த தழையையும் சோகை என்பர். பழைய வைத்தியர்கள் இந்நோயைப் பாண்டு என்றனர். வெளிறியது என்பது அதன் பொருள். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இச்சொற்கள் இரண்டும் மிகப் பொருத்தமாகவே தோன்றுகின்றன. வெளிறிய கண்ணிமையும் வாடிய உடலுமே இந்நோயின் வெளி அடையாளங்கள்.

உள்ளே நிகழ்வது என்னவெனில், இரத்தத்தின் சிவப்பணுக்களிலுள்ள ஹீமோகுளோபின் என்ற பொருள் குறைந்துவிடுகிறது. நாம் சுவாசிக்கும் பிராணவாயுவை உடலெங்கும் சுமந்து செல்வது அதுவே. அதனை ஆக்குவதற்கு இரும்பு வேண்டும். வளர்ந்த ஒருவர் உடலில் உள்ள இரும்பு மொத்தம் 3 அல்லது 4 கிராம்தான். சிவப்பணு ஏறத்தாழ 120 நாட்கள் வாழ்ந்து அழிகிறது. அதிலுள்ள இரும்பை உடல் வீணாக்காமல் மீண்டும் எடுத்துக்கொள்கிறது. இவ்வளவு சிக்கனம் இருந்தும் நாள்தோறும் ஒரு மில்லிகிராம் அளவு கழிந்துபோகிறது. மாதவிலக்கு உடைய பெண்டிருக்கு இழப்பு இன்னும் மிகுதி. கருவுற்ற தாய்க்குத் தேவை அதனினும் மிகுதி. ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் ஆடவருக்கு 13 கிராமும், பெண்டிருக்கு 12 கிராமும், கருவுற்றோருக்கு 11 கிராமும் இருத்தல் வேண்டும்; அதற்குக் குறைந்தால் சோகை.

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குதல், தலைசுற்றல், எப்பொழுதும் அயர்வு ஆகியவை யாவரும் அறிந்தவை. யாவரும் அறியாத ஓர் அறிகுறி உண்டு. சில பெண்கள் பச்சரிசியையும் சாம்பலையும் சுண்ணாம்புக் கட்டியையும் மறைவாகத் தின்பார்கள். பச்சரிசி தின்றால் திருமணத்தன்று மழை பெய்யும் என்று பாட்டிமார் மிரட்டுவதோடு செய்தி முடிந்துவிடும். உண்மையில், இரும்பின் குறைவே பெரும்பாலும் அந்த ஆசையைத் தூண்டுகிறது. மிரட்டப்பட வேண்டியவளல்லள் அவள். இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லப்பட வேண்டியவள். அவ்வாறே, அலுவலகத்தில் தூங்கி வழிகிறாள் என்று பழி கேட்கும் பெண்ணும், பாடத்தில் மனம் பற்றாத மாணவியும் சோம்பேறிகள் ஆகமாட்டார்கள்.

நம் ஊர் உணவுக்கு வருவோம். மரச்சீனியைத் திருவிதாங்கூரில் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. 1942இல் பர்மா அரிசி நின்றபோது அக்கிழங்கு பல குடும்பங்களைக் காப்பாற்றியது. ஆயினும் அதில் இரும்பு மிகச் சொற்பம். அதனைத் தனியே உண்ணாமல் மீன்குழம்போடு உண்டார்களே, அங்கேதான் சிறப்பு. மீனிலும் இறைச்சியிலும் உள்ள இரும்பு குடலில் எளிதில் உட்கொள்ளப்படுகிறது. அத்துடன், அதே வேளையில் உண்ணும் தானியத்திலும் கீரையிலும் உள்ள இரும்பையும் உடன் இழுத்துச் செல்கிறது. தில்லிக்குச் சென்றவர் மீனை விட்டார், கீரை ஆய்வதற்கு நேரமில்லை என்றார், தீட்டிய வெள்ளை அரிசியை மட்டும் விடவில்லை. நூறு கிராம் தீட்டிய அரிசியில் இரும்பு ஒரு மில்லிகிராம்கூட இல்லை. கேழ்வரகிலும் முருங்கைக் கீரையிலும் நான்கரை மில்லிகிராம் அளவும், நாஞ்சில் நாட்டார் காணம் என்று வழங்கும் கொள்ளில் எட்டுக்கு மேலும் உண்டு.

எனினும் தேநீரைப் பற்றிச் சொல்லாவிடில் இக்கணக்கு பொய்த்துப்போகும். தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைப் பற்றிக்கொண்டு குடலில் சேரவிடாது. உணவோடு தேநீர் அருந்தினால் இரும்பு ஏறுவது வெகுவாகக் குறைகிறது என்பதைத் தென்னாப்பிரிக்காவில் நடந்த ஆய்வொன்று 1975இல் காட்டியது. சோதித்த உணவுகளில் அரிசிச் சோறும் ஒன்று. காப்பியும் இவ்வகையில் தேநீருக்கு உறவுதான். அதில் கருப்பட்டி சேர்த்தால் குற்றம் நீங்கிவிடாது! தேநீரை விட்டுவிடுங்கள் என்று தில்லிக் குளிரில் வாழ்பவரிடம் நான் சொல்லத் துணியேன். உணவுக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ அருந்தலாம். மாறாக, எலுமிச்சை, நெல்லி, கொய்யா போன்றவற்றிலுள்ள சி உயிர்ச்சத்து இரும்பை ஏற்றிவிடும். கீரைப் பொரியலில் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு பிழிவதற்கு ஆகும் செலவு எவ்வளவு? இரும்புச் சட்டியில் சமைப்பதும் பயன் தரும்.

இதனால் கிராமத்தில் சோகையே இல்லை என்று எவரும் எண்ணிவிடலாகாது. வெறுங்காலின் வழியே உட்புகுந்து குடலில் இரத்தம் குடிக்கும் கொக்கிப்புழு திருவிதாங்கூரை வாட்டிய நாட்கள் உண்டு. 1920களின் இறுதியில் ராக்பெல்லர் அறநிறுவனத்தார் அங்கு வந்து அதனை ஒழிக்கும் பணியில் இறங்கினர். 1930களில் நெய்யாற்றின்கரையில் அவர்கள் துணையோடு ஒரு மாதிரிச் சுகாதார நிலையமும் நடைபெற்றது. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுள்ள பெண்டிரில் சோகை உடையோர் இந்தியக் கிராமங்களில் நூற்றுக்கு 58.5, நகரங்களில் 53.8. கூலியும் கடையும் மருத்துவமனையும் மலிந்த நகரம் பெற்ற ஆதாயம் இவ்வளவே! கேரளத்தில் அந்த விகிதம் 36 அளவில் இருந்தது. தமிழ்நாட்டில் 53க்குச் சற்று மேல்.

சோகை கண்டபின் உணவு ஒன்றாலேயே அதனை விரைவில் தீர்த்தல் அரிது. கருவுற்ற பெண்டிருக்கு அரசு சுகாதார நிலையங்களில் 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் அடங்கிய மாத்திரை விலையின்றி வழங்கப்படுகிறது. நாள்தோறும் ஒன்றாக 180 நாட்கள் உண்ண வேண்டும். மலம் கறுப்பது கண்டு பலர் அஞ்சி நிறுத்திவிடுகின்றனர். அது மாத்திரையின் நிறமே. வயிறு பொருமினால் மருத்துவரிடம் சொல்லி வேளையை மாற்றிக்கொள்ளலாம். ஏனையோருக்கும் மருத்துவர் சொல்லும் காலம் வரை, ஹீமோகுளோபின் ஏறிய பின்னரும் சில திங்கள், மருந்து தொடர வேண்டும். சேமிப்பு நிரம்புவது அப்பொழுதுதான்.

எல்லாச் சோகையும் இரும்புக் குறைவால் வருவதன்று. 1928இல் மும்பை வந்த லூசி வில்ஸ் அம்மையார், அங்குள்ள கருவுற்ற பெண்களிடையே கண்ட சோகை வேறொரு சத்தின் குறைவால் வந்தது. அச்சத்தே பின்னாளில் ஃபோலிக் அமிலம் எனப்பட்டது. புலால் உண்ணாதாரிடம் பி12 உயிர்ச்சத்துக் குறைவும் காணலாம். ஆகவே கடையில் தாமாக மாத்திரை வாங்கி விழுங்குவதை விட, இரத்தத்தைச் சோதித்து அறிவதே முறை. ஆடவருக்கோ மாதவிலக்கு நின்ற மூதாட்டிக்கோ இரும்புக் குறைவு தெரிந்தால், மூலத்தாலோ குடற்புண்ணாலோ வேறு நோயாலோ இரத்தம் எங்கேனும் கசிகின்றதா என்று மருத்துவர் தேடிப் பார்த்தே தீரவேண்டும்.