கடல் கடந்து போன "படையாட்சி"

தென்னாப்பிரிக்காவில் ஒரு மந்திரி இருந்தார். அவர் பெயர் ராய் படையாச்சி.

மொரிசியஸ் தீவில் ஒரு நிதி மந்திரி இருந்தார். அவர் பெயர் ரெங்கநாதன் படையாச்சி.

முன்னவர் 1950-ம் ஆண்டு டர்பன் நகரில் பிறந்தவர். 2010-ம் ஆண்டு தகவல் தொடர்பு மந்திரி ஆனார். 2012-ம் ஆண்டு, மந்திரியாக இருக்கும்போதே காலமானார். பின்னவர் 2019 முதல் 2024 வரை மொரிசியஸ் நாட்டின் வரவு செலவைக் கவனித்தவர்.

இருவரும் வெவ்வேறு நாட்டுக்காரர்கள். இடையே பெருங்கடல் கிடக்கிறது. ஆனால் பெயரின் கடைசிப் பகுதி மட்டும் ஒன்றே!

இது எந்தப் பக்கத்துப் பெயர்? விழுப்புரம் கடைத்தெருவிலோ திண்டிவனம் பஸ் நிலையத்திலோ கேட்டுப் பாருங்கள். "இது நம்ம பக்கத்துப் பெயர் ஆச்சே!" என்பார்கள்.

நம் பக்கத்துப் பெயர் கடல் கடந்தது எப்படி?

பெயரின் பொருள்

படை என்றால் சேனை. ஆட்சி என்றால் ஆளுதல். படையை நடத்துகிறவன் படையாட்சி. பேச்சு வழக்கில் அது "படையாச்சி" ஆயிற்று.

இது ஒரு பட்டப்பெயர். வன்னியர்களுக்கு வழங்கும் பட்டங்களில் ஒன்று. கவுண்டர், நாயக்கர் என்பவையும் அவர்களுக்கு உண்டு. படையாட்சி என்ற பட்டம் பழைய தென்னாற்காடு ஜில்லாவில் அதிகம். விழுப்புரமும் திண்டிவனமும் அந்த ஜில்லாவைச் சேர்ந்தவை.

படைகளுக்குப் பழக்கப்பட்ட சீமை இது. திண்டிவனத்துக்கு மேற்கே செஞ்சிக் கோட்டை நிற்கிறது. நாயக்கர், மராத்தியர், மொகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று ஒருவர் பின் ஒருவராகப் படை கொண்டுவந்த கோட்டை அது.

இந்தப் பெயர் ஒரு சமயம் மாவட்டத்துக்கே வந்தது! கடலூரைச் சேர்ந்த எஸ்.எஸ். ராமசாமி படையாட்சியார் 1951-ம் ஆண்டு தமிழ்நாடு உழைப்பாளர் கட்சியைத் தொடங்கினார். 1952 தேர்தலில் அந்தக் கட்சி சென்னை சட்டசபையில் 19 இடங்களைப் பிடித்தது. 1954-ல் அவர் காமராஜர் மந்திரிசபையில் இடம் பெற்றார்.

1993-ம் ஆண்டு தென்னாற்காடு ஜில்லா இரண்டாகப் பிரிந்தது. ஒரு பகுதிக்கு "விழுப்புரம் ராமசாமி படையாட்சியார் மாவட்டம்" என்று பெயர் வைத்தார்கள். 1997-ம் ஆண்டு எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயர் எடுக்கப்பட்டது. அது வெறும் விழுப்புரம் மாவட்டம் ஆயிற்று.

கரும்பு அழைத்தது

1834-ம் ஆண்டு ஆங்கிலேயர் தங்கள் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்தார்கள். பிரெஞ்சுக்காரர் 1848-ல் ஒழித்தார்கள். அடிமைகள் விடுதலை பெற்றார்கள். கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் இல்லாமல் போயிற்று.

அவர்கள் கண் இந்தியா மீது விழுந்தது. ஐந்து வருட ஒப்பந்தம். கப்பல் செலவு முதலாளியுடையது. கூலி, சாப்பாடு, இருப்பிடம் உண்டு. இதுதான் ஒப்பந்தக் கூலி முறை.

தென்னாற்காடு வானம் பார்த்த பூமி. ஏரி நிறைந்தால் நெல். ஏரி வறண்டால் கடன். 1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியைப் பெரும் பஞ்சம் வாட்டியது. அரைவயிற்றுக் கஞ்சியும் கிடைக்காதவனிடம் ஆள் பிடிப்பவன் வந்து, "கப்பல் ஏறினால் மாதச் சம்பளம்" என்றான். போகாமல் என்ன செய்வான்?

இரண்டு வாசல்கள்

இந்தப் பக்கத்து மக்களுக்குக் கடலுக்குப் போக இரண்டு வாசல்கள் இருந்தன.

ஒன்று சென்னை. அது ஆங்கிலேயர் துறைமுகம். அங்கிருந்து நேட்டாலுக்கும், மொரிசியசுக்கும், பின்னர் பிஜித் தீவுக்கும் கப்பல் போயிற்று.

மற்றொன்று புதுச்சேரி. அது பிரெஞ்சுக்காரர் துறைமுகம். விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் ஏறக்குறைய 40 கிலோமீட்டர்தான். 1879-ம் ஆண்டு விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் ரயில் பாதையும் வந்தது. புதுச்சேரியிலிருந்து ரீயூனியன், குவாதலூப், மார்த்தினிக் தீவுகளுக்குக் கப்பல் போயிற்று.

நேட்டால் என்பது இன்றைய தென்னாப்பிரிக்காவின் ஒரு பகுதி. அங்கே போன முதல் கப்பலின் பெயர் "ட்ரூரோ". 1860-ம் ஆண்டு அக்டோபரில் சென்னையை விட்டது. நவம்பர் 16-ந் தேதி டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதில் 342 பேர் இருந்தார்கள்.

1911-ல் கடைசிக் கப்பல் போனது. அதுவரை நேட்டாலில் இறங்கியவர்கள் சுமார் 1 லட்சத்து 52 ஆயிரம் பேர். அவர்களில் பெரும்பாலோர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள்.

போனவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. முதல் வருடக் கூலி மாதம் 10 ஷில்லிங். 1895-ம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல், மறு ஒப்பந்தமும் எழுதாமல் இருந்தால், வருடத்துக்கு 3 பவுன் வரி! மூன்று பவுன் என்றால் 60 ஷில்லிங். ஆறு மாதக் கூலி! 1913-ம் ஆண்டு காந்திஜியின் அழைப்பை ஏற்றுச் சுரங்கத் தொழிலாளர்களும் கரும்புத் தோட்டத் தொழிலாளர்களும் வேலையை நிறுத்தினார்கள். அடி பட்டார்கள், சிறை சென்றார்கள். 1914-ல் அந்த வரி ஒழிந்தது.

பட்டம் குடும்பப் பெயர் ஆனது

நம் வழக்கப்படி ஒருவனுக்கு ஒரு பெயர்தான். முன்னால் தகப்பனார் பெயரின் முதல் எழுத்து இருக்கும். பாட்டன், மகன், பேரன் மூவருக்கும் பொதுவான குடும்பப் பெயர் கிடையாது.

வெள்ளைக்காரன் வழக்கம் வேறு. அவனுக்குக் குடும்பப் பெயர் கட்டாயம் வேண்டும். பிறப்புச் சீட்டிலும், கல்யாணச் சீட்டிலும், பள்ளிக்கூட ரிஜிஸ்தரிலும் அதை எழுத வேண்டும்.

"குடும்பப் பெயர் என்ன?" என்று கேட்டபோது சிலர் பட்டத்தைச் சொன்னார்கள். சிலர் தகப்பனார் பெயரைச் சொன்னார்கள். குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதினார். எழுதியது நிலைத்துவிட்டது.

அப்படித்தான் நேட்டாலில் படையாச்சி, நாயுடு, பிள்ளை, செட்டி, நாயக்கர் எல்லாம் குடும்பப் பெயர்கள் ஆயின. முதலியார் "மூட்லி" ஆனார். கவுண்டர் "கோவெண்டர்" ஆனார். பிஜித் தீவுக்குப் போன கவுண்டரோ கவுண்டராகவே இருக்கிறார்!

படையாச்சியை ஆங்கிலத்தில் எழுதுவதிலும் ஒற்றுமை இல்லை. சிலர் முடிவில் இரண்டு "ஈ" போடுகிறார்கள். சிலர் "ஐ"யும் "ஈ"யும் சேர்க்கிறார்கள். மொரிசியசில் "ஒய்" போடுகிறார்கள். எழுத்து வேறு, பெயர் ஒன்றே.

பிரெஞ்சுத் தீவுகளில் கதை மாறியது. அங்கே பெரும்பாலும் போனவரின் சொந்தப் பெயரே பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயர் ஆயிற்று. குவாதலூப் தீவில் இந்தியர்களின் குடியுரிமைக்காக 1904 முதல் வழக்காடி 1923-ல் வென்றவர் ஹென்றி சிதம்பரம். ஹென்றி அவர் பெயர். சிதம்பரம் குடும்பப் பெயர்!

மூன்று அண்ணன் தம்பிகள்

இதனால் என்ன நேர்ந்தது? ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம்.

திண்டிவனம் தாலுகாவில் ஒரு கிராமம். ஒரு குடும்பத்தில் மூன்று பிள்ளைகள்.

மூத்தவர் முனுசாமி. சென்னையில் கப்பல் ஏறி நேட்டால் போகிறார். அவர் சந்ததிக்குக் குடும்பப் பெயர் "படையாச்சி".

நடுவர் ராமசாமி. புதுச்சேரியில் கப்பல் ஏறிக் குவாதலூப் போகிறார். அவர் சந்ததிக்குக் குடும்பப் பெயர் "ராமசாமி".

இளையவர் சின்னசாமி. ஊரிலேயே ஏர் பிடிக்கிறார். அவர் பிள்ளைகளுக்கு "சி." என்ற முதல் எழுத்து. பேரப் பிள்ளைகளுக்கு அதுவும் மாறிவிடும்.

ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். நான்கு தலைமுறை போனபின் மூன்று வீட்டுக்கும் மூன்று பெயர்! எதிரெதிரே நின்றாலும் சொந்தம் என்று தெரியாது.

பெயர் மட்டும் போதாது

இன்று வெளிநாட்டுத் தமிழர் பலர் முன்னோர் ஊரைத் தேடுகிறார்கள். சிலருக்கு அது மனத்தின் ஆசை. சிலருக்கு அது சர்க்கார் காகிதத்துக்கும் தேவை. 2024-ம் ஆண்டு இந்திய சர்க்கார் மொரிசியஸ்காரர்களுக்கு ஒரு சலுகை தந்தது. இந்திய வம்சாவளியினர் ஏழாம் தலைமுறை வரை வெளிநாட்டு இந்தியர் அட்டை பெறலாம். ஆனால் முன்னோர் இந்தியாவிலிருந்து வந்தவர் என்பதற்கு ஆதாரம் காட்ட வேண்டும்.

படையாச்சி என்ற பெயர் ஆதாரம் ஆகுமா? ஆகாது. எந்தச் சீமை என்று அது சாடை காட்டும். எந்தக் கிராமம் என்று சொல்லாது. கப்பல் ஏறும்போது பட்டத்தை மாற்றிச் சொன்னவர்களும் உண்டு.

கிராமத்தைச் சொல்வது கப்பல் ரிஜிஸ்தர்தான். நேட்டாலுக்குப் போன ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர் கொடுத்தார்கள். அந்த நம்பருக்கு நேரே பெயர், தகப்பனார் பெயர், வயது, சாதி, உயரம், உடம்பில் உள்ள மச்சம் அல்லது தழும்பு, ஜில்லா, தாலுகா, கிராமம் எல்லாம் எழுதினார்கள். ஆளை அடையாளம் பிடிக்க எழுதிய எழுத்து, இன்று அவர் பேரப் பிள்ளைகளுக்கு வழி காட்டுகிறது!

அந்த ரிஜிஸ்தர்கள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. மொரிசியஸ் ஏடுகள் மோக்கா நகரில் உள்ள மகாத்மா காந்தி நிலையத்தில் இருக்கின்றன. அங்கே பலருடைய போட்டோக்களும் உண்டு.

ஏடு கிடைத்தாலும் சிக்கல் தீராது. குமாஸ்தா ஊர்ப் பெயரைக் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். "நல்லூர்" என்றால் எந்த நல்லூர்? ஏட்டில் "தென்னாற்காடு" என்று இருக்கும். இன்று அந்தப் பெயரில் மாவட்டமே இல்லை! அது கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி என்று மூன்றாகிவிட்டது. அன்றைய திண்டிவனம் தாலுகாவிலிருந்து மரக்காணம் தனியாகப் பிரிந்துவிட்டது. தேடுகிறவர்கள் இவற்றை எல்லாம் அறிந்து தேட வேண்டும்.

தீமிதியும் சாட்சி

பெயரோடு இன்னொன்றும் கப்பலில் போயிற்று. அதுதான் திரௌபதி அம்மன்.

திரௌபதி அம்மன் வழிபாட்டுக்குச் செஞ்சிச் சீமை தாய்வீடு. செஞ்சியை அடுத்த மேலச்சேரிக் கோவிலை அந்த வழிபாட்டின் மூலஸ்தானமாகச் சொல்வார்கள். விழுப்புரம், திண்டிவனம் கிராமங்களில் பாரதம் படித்து, கூத்து ஆடி, முடிவில் தீமிதிப்பது வழக்கம்.

நேட்டாலிலும், மொரிசியசிலும், ரீயூனியனிலும், பிஜியிலும் தீமிதி நடக்கிறது. தமிழ் பேசத் தெரியாத பிள்ளைகளும் மஞ்சள் துணி கட்டித் தீ மிதிக்கிறார்கள். மொழியை மறந்தாலும் நோன்பை மறக்கவில்லை.

இங்கே உதிர்ந்தது, அங்கே நின்றது

ஒரு விசித்திரம் பாருங்கள். 1929-ம் ஆண்டு செங்கற்பட்டில் சுயமரியாதை மாநாடு கூடியது. பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் செய்தது. கொஞ்சம் கொஞ்சமாகத் தமிழ்நாட்டில் பட்டம் உதிர்ந்தது. இன்று திண்டிவனத்தில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் பெயரில் பட்டம் இராது. முதல் எழுத்துத்தான் இருக்கும்.

கடல் கடந்த நாட்டிலோ பட்டம் நிற்கிறது. ஆனால் அங்கே அதன் வேலை வேறு. டர்பனில் படையாச்சி என்பது தபால்காரர் வீட்டைக் கண்டுபிடிக்க உதவும் பெயர். படித்தவருக்கும் பாட்டாளிக்கும் அது ஒன்றுதான். பொருளாதாரப் பேராசிரியர் விஷ்ணு படையாச்சி 2021-ல் காலமானார். அவரை உலகம் அறிந்தது அவர் எழுதிய புத்தகங்களால், பட்டத்தால் அல்ல.

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. "நம் வீட்டில் யாராவது கப்பல் ஏறினார்களா?" என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். அவர் பெயர், தகப்பனார் பெயர், ஊர், குலதெய்வம் நான்கையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பழைய பத்திரம் இருந்தால் பத்திரமாக வையுங்கள்.

என்றாவது ஒரு நாள் தூர தேசத்துப் பிள்ளை ஒன்று ஒரு காகிதத்தை நீட்டிக்கொண்டு வந்து நிற்கலாம். அதில் முனுசாமி என்ற பெயரும், ஒரு நம்பரும், பாதி புரியும் ஊர்ப் பெயரும் இருக்கும். மீதிப் பாதியைச் சொல்ல இங்கே ஒரு வீடு வேண்டும். அது உங்கள் வீடாக இருக்கலாம்!