தாத்தாவைத் தேடு... தேதியை நம்பாதே!

1892, ஜனவரி 1. நியூயார்க்கில் எல்லிஸ் தீவு குடியேற்ற நிலையம் திறந்த முதல் நாள். கப்பலில் வந்து இறங்கி, வரிசையில் முதல் ஆளாகப் போய் நின்றது அயர்லாந்தின் கார்க் நகரத்துப் பொண்ணு ஒண்ணு. பேர் ஆனி மூர். கூடவே அந்தோணி, ஃபிலிப்னு ரெண்டு தம்பிங்க. அப்பா, அம்மா முன்னாடியே நியூயார்க் போய் செட்டில் ஆகியிருந்தாங்க. ஆனி கையில் பத்து டாலர் தங்கக் காசு ஒன்றைக் கொடுத்து வரவேற்றார்கள். பேப்பரில் பேர் வந்தது. பின்னாளில் எல்லிஸ் தீவில் ஒரு சிலை, அவள் கப்பல் ஏறிய அயர்லாந்தில் ஒரு சிலை.

சரி, இவ்ளோ ஃபேமஸான பொண்ணு அப்புறம் என்ன ஆனா?

பல வருஷமா ஒரு கதை ஓடிட்டிருந்தது. ஆனி குடும்பத்தோடு மேற்கே போய், டெக்சாஸில் கல்யாணம் கட்டி, 1923-ல் ஸ்ட்ரீட் கார் மோதி இறந்துபோனாள் என்று. அந்தக் குடும்பத்து வாரிசுகளை விழாவுக்குக் கூப்பிட்டு மரியாதை எல்லாம்கூட செய்தார்கள். பக்கா சினிமா கதை. ஒரே ஒரு சிக்கல்... அது வேற ஆனி மூர்!

கண்டுபிடிச்சவர் மெகன் ஸ்மோலென்யாக். வம்சாவளி தேடுறதையே தொழிலா வெச்சிருக்கிற அமெரிக்கர். டெக்சாஸ் ஆனியின் சென்சஸ் பதிவை எடுத்துப் பார்த்தால், பிறந்த இடம் இல்லினாய்ஸ் என்றிருக்கிறது. அமெரிக்காவிலேயே பொறந்த பொண்ணு எதுக்குங்க கப்பல் ஏறி வந்து எல்லிஸ் தீவு க்யூவில் நிக்கணும்? 2006-ல், நிஜ ஆனியைப் பற்றித் துப்புக் கொடுத்தால் ஆயிரம் டாலர் பரிசு என்று அறிவித்தார் மெகன். நியூயார்க் நகர ஆவணத் துறை ஆணையர் பிரையன் ஆண்டர்சனும் களத்தில் இறங்க, தம்பி ஃபிலிப்போட குடியுரிமைப் பத்திரம் சிக்கியது. அந்த நூலைப் பிடிச்சுப் போனா... நிஜ ஆனி நியூயார்க்கை விட்டு நகரவே இல்லை. லோயர் ஈஸ்ட் சைடு ஏழைக் குடியிருப்புகளிலேயே வாழ்ந்திருக்கிறாள். பேக்கரி வேலைக்காரர் ஜோசப் ஷாயரைக் கட்டி, பத்துக்குக் குறையாத பிள்ளைகள் பெற்று, பல பிள்ளைகளைச் சின்ன வயசிலேயே பறிகொடுத்து, 1924-ல் இறந்திருக்கிறாள். புதைத்த இடம் குவீன்ஸில் இருக்கும் கல்வாரி கல்லறைத் தோட்டம். பேர் பொறிச்ச கல்கூட கிடையாது. ரெண்டு நாட்டில் சிலை இருக்கிறவளுக்கு கல்லறையில் கல் இல்லை! 2008-ல்தான் அங்கே ஒரு சிலுவை நட்டார்கள்.

இன்னொரு கூத்து. வந்து இறங்கிய அன்னிக்கு அவளுக்கு 15-வது பிறந்தநாள்னு பேப்பர்களில் எழுதினார்கள். நிஜ வயசு 17!

அயர்லாந்து வம்சாவளி தேடும்போது வயசு, தேதி, பேர் எல்லாமே இப்படித்தான் கண்ணாமூச்சி ஆடும். ஏன்னா அந்தக் காகிதம் எதையும் பேரப்பிள்ளைகள் படிக்கணும்னு யாரும் எழுதலை. வரிக்காக, பென்ஷனுக்காக, அபராதத்துக்குப் பயந்து எழுதினது. எதுக்காக எழுதினாங்கன்னு தெரிஞ்சாதான் எவ்வளவு நம்பலாம்னு தெரியும்.

ஊர் பேர் கேட்டா நாட்டு பேர்!

1845-ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. ஏழைகளுக்கு மூணு வேளையும் அதுதான் சாப்பாடு. 1852 வரை நீண்ட பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள். அதே அளவுக்கோ அதற்கு மேலோ கப்பல் ஏறினார்கள். 1841 சென்சஸில் 82 லட்சம் இருந்த ஜனத்தொகை, 1851-ல் 65 லட்சம். இன்று அமெரிக்காவில் ‘நாங்க ஐரிஷ் வம்சம்’ என்று சொல்பவர்கள் மூன்று கோடிக்கும் மேலே. அயர்லாந்து குடியரசின் மொத்த ஜனத்தொகையே 2022 கணக்குப்படி 51 லட்சம்தான்!

இந்த மூன்று கோடிப் பேரில் தேட ஆரம்பிக்கிற எல்லாரும் முதலில் முட்டி நிற்கிற சுவர் ஒண்ணுதான். 1906-க்கு முந்தைய அமெரிக்கக் குடியுரிமைக் காகிதங்களில் பெரும்பாலும் ‘பிறந்த இடம்: அயர்லாந்து’. முடிஞ்சுது. ஹாஸ்டலில் புதுசா வந்த பையனிடம் ‘எந்த ஊருப்பா?’ன்னு கேட்டா ‘இந்தியா’ன்னு சொன்ன மாதிரி! அங்கே தேட வேண்டியது ‘டவுன்லேண்ட்’. பேரில்தான் டவுன், நிஜத்தில் நாலு வயலும் ரெண்டு வீடும்கூட ஒரு டவுன்லேண்டா இருக்கும். நாடு முழுக்க 60 ஆயிரத்துக்கும் மேலே இருக்கு.

பேரை வெச்சுத் தேடலாமேன்னு கேப்பீங்க. அங்கதான் மேட்டரே. தாத்தா பேரை வெச்சுக்கிறதாலதான் நம்ம ஊரில் பேரனுக்குப் பேரன்னு பேர். அயர்லாந்திலும் அதே கதை. மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பேர், ரெண்டாவது மகனுக்கு அம்மாவின் அப்பா பேர் என்று ஒரு வழக்கம். அஞ்சு அண்ணன் தம்பிகள் இருந்தால், ஒரே பாரிஷில் ஒரே பேரோடு அஞ்சு பேரன்கள்! நிலவரிக்காக 1847-லிருந்து 1864 வரை எடுத்த ‘கிரிஃபித் மதிப்பீடு’ என்ற கணக்கில், இந்தக் குழப்பத்துக்காகவே சில பேருக்குப் பக்கத்தில் பட்டப்பேரையும் எழுதி வெச்சிருக்காங்க. செம்பட்டை முடிக்காரன், தையல்காரன்... இப்படி. கிளாஸில் மூணு கார்த்தி இருந்தா நாம ‘நெட்டை கார்த்தி’, ‘டே ஸ்காலர் கார்த்தி’ன்னு கூப்பிடறோம்ல, அதே டெக்னிக்தான். டேட்டாபேஸ் பாஷையில் சொன்னா, பேர் மட்டும் ப்ரைமரி கீ ஆகாது பாஸ்!

அப்போ டவுன்லேண்டை எப்படித்தான் கண்டுபிடிக்கிறது? எனக்கு ரொம்பப் பிடிச்சது ஒரு பேங்க் ரெக்கார்டு. நியூயார்க்கில் ஐரிஷ்காரர்களுக்காக 1850-ல் ஆரம்பித்த எமிக்ரன்ட் சேவிங்ஸ் பேங்க், பணம் எடுக்க வருபவர் நிஜ ஆள்தானா என்று சோதிக்க ஒரு நோட்டு வைத்திருந்தது. சொந்த ஊர், அப்பா அம்மா பேர், கூடப்பிறந்தவர்கள், வந்த கப்பல்... எல்லாம் அதில். இப்போ நாம பாஸ்வேர்டு மறந்தா வருமே செக்யூரிட்டி கொஸ்டின், அதேதான்! திருட்டைத் தடுக்க எழுதிய அந்த நோட்டுகள் இன்னிக்கு நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கு.

இன்னொண்ணு, பாஸ்டனிலிருந்து வந்த ‘பைலட்’ என்ற கத்தோலிக்கப் பத்திரிகை. 1831-ல் தொடங்கி 1921 வரை ‘காணாமல் போன நண்பர்கள்’ என்று ஒரு பகுதி போட்டது. புருஷனைத் தேடும் மனைவி, தம்பியைத் தேடும் அண்ணன்... எந்த டவுன்லேண்ட், எந்தக் கப்பல், கடைசியா எந்த ரயில் பாதை வேலையில் பார்த்தாங்க என்று காசு கொடுத்து விளம்பரம் செய்திருக்கிறார்கள். எந்த சர்க்கார் காகிதத்திலும் கிடைக்காத ஊர் பேர்கள், தொலைஞ்சவனைத் தேடினவங்க சொன்னதால் மட்டுமே நமக்குக் கிடைச்சிருக்கு.

ஒரே சர்வர்... டமால்!

ஊர் தெரிஞ்சாச்சு, இனி அயர்லாந்து போய்த் தேடலாம்னா, அடுத்த அடி. 1922 ஜூன் 30, உள்நாட்டுப் போர் நேரம். டப்ளினில் ‘ஃபோர் கோர்ட்ஸ்’ வளாகத்தில் இருந்த அரசு ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821-லிருந்து 1851 வரை எடுத்த நாலு சென்சஸ் அதில் கிட்டத்தட்ட மொத்தமா போச்சு. 1861, 1871 சென்சஸ்களை அரசாங்கமே முன்னாடி அழிச்சிடுச்சு. 1881, 1891 இரண்டையும் முதல் உலகப் போர் சமயத்தில் காகிதக் கூழாக்கிட்டாங்க. முழுசா மிஞ்சினதில் பழசு 1901-தான். எல்லாத்தையும் ஒரே இடத்தில் வெச்சா என்ன ஆகும்னு எங்க லெக்சரர் பேக்கப் பாடம் எடுக்கும்போது சொல்ற உதாரணங்களைவிட இது ஸ்ட்ராங்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கு. அயர்லாந்தில் பெரும்பாலான ஜனங்கள் கத்தோலிக்கர்கள். ஆனால் 1871 வரை அரசின் அதிகாரபூர்வ திருச்சபையாக இருந்தது புராட்டஸ்டன்ட் ‘சர்ச் ஆஃப் அயர்லாந்து’. ஆகவே அதன் பதிவேடுகளுக்குத்தான் அரசு ஆவணம் என்ற கௌரவம். ‘பத்திரமா இருக்கட்டும்’ என்று டப்ளின் காப்பகத்துக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். சுமார் ஆயிரம் பாரிஷ்களின் பதிவேடுகள் அங்கே வந்து சேர்ந்து... சாம்பலாச்சு! கத்தோலிக்கப் பதிவேடுகளை அரசு சட்டை செய்யவே இல்லை. அதனால் அதெல்லாம் அந்தந்தப் பங்குச் சாமியார் வீட்டிலேயே கிடந்து, தப்பிச்சுது. அயர்லாந்து தேசிய நூலகம் அவற்றை மைக்ரோஃபிலிம் எடுத்து, 2015-ல் இன்டர்நெட்டில் இலவசமாகவே போட்டுவிட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாரிஷ்கள், மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள்.

படிக்கிறது மட்டும் லேசுப்பட்ட காரியமில்லை. நிறைய சாமியார்கள் லத்தீனில் எழுதியிருப்பார்கள். ஜேம்ஸ் அங்கே யாக்கோபுஸ். வில்லியம், குலியெல்முஸ். நம்ம ஊர் சர்ச்சில் ஜான் அருளப்பன் ஆன மாதிரி, பீட்டர் ராயப்பன் ஆன மாதிரின்னு வெச்சுக்கோங்களேன். ஞானஸ்நானப் பதிவில் ஞானத்தகப்பன், ஞானத்தாய் பேரும் இருக்கும். ரெண்டு யாக்கோபுஸில் எவர் நம்ம ஆள்னு பிரிச்சுக் காட்டுறது பெரும்பாலும் அந்த ரெண்டு பேர்தான்.

டப்ளினுக்கு அனுப்பாமல் ஊரிலேயே தங்கி, தப்பிப் பிழைத்த புராட்டஸ்டன்ட் நோட்டுகளும் உண்டு. 1850-ல் மணிகால் என்ற கிராமத்திலிருந்து ஃபால்மத் கீர்னி என்ற 19 வயசுப் பையன் அமெரிக்கா போனான். செருப்புத் தைக்கும் தொழிலாளியின் மகன். 2007-ல் அதே மெகன் ஸ்மோலென்யாக் கேட்டுக்கொண்டதால், உள்ளூர் பாதிரியார் ஸ்டீபன் நீல் பழைய பாரிஷ் நோட்டுகளைப் புரட்டி அந்தக் குடும்பத்தைக் கண்டுபிடித்தார். அப்போது செனட்டராக இருந்த பராக் ஒபாமாவின் அம்மா வழி முப்பாட்டனுக்கும் முந்தைய தலைமுறை அது! 2011 மே மாதம் ஒபாமா ஜனாதிபதியாக மணிகாலுக்கே போய், ஊர் பப்பில் கின்னஸ் பியர் குடிச்சார். அந்த நோட்டும் டப்ளினுக்குப் போயிருந்தா? அவ்ளோதான்.

பிறக்கறதுக்கு முன்னாடியே ஞானஸ்நானம்!

1864 ஜனவரி 1 முதல் எல்லா மதத்தாரும் பிறப்பு, கல்யாணம், இறப்பை அரசிடம் பதியணும்னு சட்டம். புராட்டஸ்டன்ட் கல்யாணங்களுக்கு மட்டும் 1845-லேயே வந்துவிட்டது. இப்போ ஒரே குழந்தைக்கு சர்ச்சில் ஒரு தேதி, சர்க்காரில் ஒரு தேதி. ரெண்டையும் பக்கத்தில் வெச்சுப் பார்த்தா, சில குழந்தைங்க பிறக்கறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே ஞானஸ்நானம் வாங்கியிருக்கும்! மாயமெல்லாம் இல்லை. கெடு தாண்டிப் பதிவு செய்தால் அபராதம். வயல் வேலையை விட்டுட்டு நடந்து போக நேரமில்லாத அப்பா, போன அன்னிக்குப் பிறந்த தேதியைக் கொஞ்சம் தள்ளிச் சொல்லிட்டார். குழந்தை பிறந்த சில நாளிலேயே பாதிரியார் தண்ணி ஊத்தி எழுதிடுவார். பொய் சொல்ல அங்கே காரணமே இல்லை. ரெண்டும் முரண்பட்டால் நான் சர்ச் பக்கம்தான் சாய்வேன்.

இதெல்லாம் வெறும் பொழுதுபோக்கு இல்லை. தாத்தா பாட்டியில் ஒருவர் அயர்லாந்துத் தீவில் பிறந்ததை நிரூபித்தால், பேரப்பிள்ளை அயர்லாந்துக் குடியுரிமை கேட்கலாம். ஐரோப்பிய யூனியன் பாஸ்போர்ட்! 2016 ப்ரெக்ஸிட் வாக்கெடுப்புக்கு அப்புறம் பிரிட்டனில் நிறைய பேர் தாத்தாவைத் தேடிக் கிளம்பினது இதனால்தான். பாசம் பாதி, பாஸ்போர்ட் மீதி! அவர்களில் சிலருக்கு நம்ம மெட்ராஸும் வழியில் வரலாம். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் ஏகப்பட்ட ஐரிஷ் சிப்பாய்கள். மெட்ராஸ் மாகாணத்துச் சர்ச்சுகளில் நடந்த ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாத்துக்கும் நகல் எடுத்து லண்டனுக்கு அனுப்பினார்கள். இப்போ அது பிரிட்டிஷ் நூலகத்தில்.

வயசு விஷயத்துக்கு வருவோம். 1901 சென்சஸில் 55 வயசுன்னு சொன்னவர், 1911-ல் 70! பத்து வருஷத்தில் பதினைந்து வயசு. இந்த மாதிரி ஆட்கள் ஏராளம். நடுவில் என்ன நடந்ததுன்னா, 1908-ல் முதியோர் பென்ஷன் சட்டம் வந்து, 1909 ஜனவரி முதல் 70 வயசானவர்களுக்கு வாரம் ஐந்து ஷில்லிங் வரை கொடுக்க ஆரம்பித்தார்கள். ஊரே திடீர்னு கிழடு தட்டிப்போச்சு!

ஆனால் நிஜமாவே 70 ஆனவங்க பாடுதான் பாவம். அவர்கள் பிறந்தது 1864-க்கு முன்னாடி. பிறப்புச் சான்றிதழ் கிடையாது. அதனால் ‘1841, 1851 சென்சஸில் எங்க வீட்டைத் தேடிப் பாருங்க, குழந்தையா என் பேர் இருக்கும்’ என்று அப்பா, அம்மா, டவுன்லேண்ட் பேரோடு விண்ணப்பம் போட்டார்கள். டப்ளினில் இருந்த குமாஸ்தா ஏட்டைப் புரட்டி, கிடைச்சதைக் கிடைச்ச மாதிரி அந்தப் படிவத்தில் எழுதி வெச்சார். பஞ்சத்தில் செத்துப்போன அண்ணன், கப்பலேறின அக்கா என்று சில குடும்பங்கள் அதில் முழுசா இருக்கு. 1922-ல் ஏடுகள் எரிந்தன. படிவங்கள் தப்பின. டப்ளின் டிரினிட்டி காலேஜ் முன்நின்று நடத்தும் ஒரு திட்டம், எரிந்துபோன காப்பகத்தை இப்படி மிஞ்சிய நகல்களிலிருந்து கம்ப்யூட்டரில் திரும்பக் கட்டி, 2022-ல் எல்லாருக்கும் திறந்துவிட்டது. அந்த இரண்டு சென்சஸிலும் பல வீடுகளுக்கு இன்னிக்கு மிஞ்சியிருப்பது, வாரம் ஐந்து ஷில்லிங்குக்காக ஒரு கிழவியோ கிழவனோ போட்ட அந்த ஒரு விண்ணப்பம் மட்டும்தான்.