அழித்து அழித்து நைந்துபோகும் தாள்

பிளஸ் ஒன் படிக்கும் பெண் ரெக்கார்டு நோட்டில் படம் வரைகிறாள். ஒரு கோடு கொஞ்சம் தடித்துவிட்டது. அழிக்கிறாள், வரைகிறாள், மறுபடி அழிக்கிறாள். தாள் நைந்து ஓட்டை விழுகிறது. மணி பன்னிரண்டு. மறுநாள் தேர்வுப் பாடத்தை இன்னும் தொடவில்லை. “எவ்வளவு பொறுப்பு பாருங்க” என்று வீட்டில் பூரிக்கிறார்கள். கவலைப்பட வேண்டிய நேரம் அது.

எது சிக்கல்?

நன்றாகச் செய்ய நினைப்பதில் தவறில்லை. ‘குறை வந்தால் நான் எதற்கும் லாயக்கில்லை’ என்று மனம் முடிவு கட்டுவதுதான் சிக்கல். பெர்ஃபெக்‌ஷனிசம் எனப்படும் இந்த மனப்போக்கு தனி நோயல்ல. ஆனால் பதற்றம், மனச்சோர்வு, உணவுப் பழக்கக் கோளாறுகள் ஆகியவற்றோடு அதற்கு நெருங்கிய தொடர்பு உண்டு.

பால் ஹியூவிட், கோர்டன் ஃப்ளெட் என்ற உளவியலாளர்கள் 1991-இல் இதை மூன்றாகப் பிரித்தார்கள்: தன்னிடமே குறையின்மையைக் கேட்பது, அடுத்தவரிடம் கேட்பது, உலகம் தன்னிடம் கேட்கிறது என்று நம்புவது. மூன்றாவதுதான் ஆளை அதிகம் வாட்டுகிறது. அமெரிக்கா, கனடா, பிரிட்டன் கல்லூரி மாணவர்களிடம் 1989 முதல் 2016 வரை திரட்டிய தரவுகளை தாமஸ் குரான், ஆண்ட்ரூ ஹில் ஆராய்ந்தபோது, அந்த மூன்றாவது வகையே மிக அதிகமாக, 33 சதவீதம், கூடியிருந்தது. “98 சரி, மீதி 2 எங்கே?” என்று கேட்கும் நம் வீடுகளுக்கும் இதில் பாடம் இருக்கிறது.

எப்படித் தெரியும்?

சோம்பேறி என்று பெயர் வாங்கியவர்களில் சிலர் உண்மையில் பெர்ஃபெக்‌ஷனிஸ்டுகள். சரியாக வராதோ என்ற பயத்தில் வேலையைத் தொடங்கவே மாட்டார்கள். பாராட்டு மனதில் ஒட்டாது. ஒரு சின்னக் குறை மட்டும் வாரக்கணக்கில் உறுத்தும். பிறரிடம் வேலையை ஒப்படைக்க மனம் வராது.

என்ன செய்யலாம்?

அறிவாற்றல் நடத்தை சிகிச்சையில் ஒரு பயிற்சி உண்டு. ஆறு முறை படித்துவிட்டு அனுப்பும் மின்னஞ்சலை ஒரே முறை படித்து அனுப்புங்கள். அதற்கு முன், என்ன விபரீதம் நடக்கும் என்று பயப்படுகிறீர்களோ அதைத் தாளில் எழுதி வையுங்கள். மறுநாள் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் எதுவும் நடந்திருக்காது. அறிவுரையால் அசையாத பயம், இப்படிக் கண்ணால் பார்த்த பிறகு தளரும். உயிர்காக்கும் மருந்தின் அளவை இருமுறை சரிபார்க்கத்தான் வேண்டும். வாட்ஸ்அப் செய்திக்கு அது தேவையில்லை.

பெற்றோர்களே, மார்க் ஷீட்டைப் பார்த்ததும் போன இரண்டு மதிப்பெண்ணைக் கேட்காதீர்கள். தூக்கமும் சாப்பாடும் கெடும் அளவுக்குப் போய்விட்டால் மனநல ஆலோசகரைப் பாருங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. கட்டணமின்றி, எந்த நேரமும், தமிழிலேயே பேசலாம்.