பிசகாத பின்னம்



பின்னக் கணக்கு என்றவுடன் முகம் சுளிக்கும் பிள்ளைகளை, ஆசிரியப் பணியில் இருந்த காலமெல்லாம் கண்டிருக்கிறேன். தசமப் புள்ளி இருக்கும்போது தொகுதி, பகுதி என்னும் தொல்லை எதற்கு என்று அவர்கள் கேட்பதுண்டு. ஓய்வு பெற்ற பின் அதற்குரிய விடையை எனக்கு நினைவூட்டியவர் மயிலாப்பூரில் என் வீட்டுக்கு அருகே வசிக்கும் ஒரு கல்லூரி மாணவர். பைத்தான் என்னும் நிரல்மொழியைப் பயின்றுவந்த அவர், மடிக்கணினியும் கையுமாக ஒரு நாள் மாலை வந்தார். "ஐயா, 0.1 உடன் 0.2-ஐக் கூட்டினேன். 0.30000000000000004 என்று வருகிறது. கணினிக்குக் கூட்டத் தெரியாதா?" என்று கேட்டார்.

கணினிக்குக் கூட்டல் நன்றாகவே தெரியும். நாம் கொடுத்த எண்தான் அதனிடம் முழுமையாகப் போய்ச் சேரவில்லை. எவ்வாறு என்று பார்ப்போம்.

மூன்றில் ஒரு பங்கைத் தசமத்தில் எழுத முயலுங்கள். 0.333 என்று முடிவின்றி நீளும். எங்கே நிறுத்தினாலும் சிறிது குறையும். பத்து என்பது இரண்டும் ஐந்தும் பெருகிய எண்ணாதலின், சுருக்கிய பின்னத்தின் பகுதியில் இரண்டும் ஐந்தும் மட்டுமே காரணிகளாக இருந்தால்தான் தசமம் முடிவுறும். கணினியோ பொதுவாக இரும எண்முறையில் எண்ணுகிறது. அதற்கு இரண்டு ஒன்றே துணை. பகுதியில் ஐந்து புகுந்துவிட்டால் அதன் எழுத்தும் முடிவின்றி நீளும். பத்தில் ஒன்று நமக்கு எளிய எண். கணினிக்கோ அது நமது மூன்றில் ஒன்றைப் போன்றது. ஆகவே அது குறிப்பிட்ட இலக்கங்களோடு எண்ணை வெட்டிச் சீராக்கி வைத்துக்கொள்கிறது.

இதனை நம் பழந்தமிழ்ப் பின்னங்களைக் கொண்டு விளக்கினேன். திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி படித்த பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்லிய வாய்பாடு இது: நான்கு முந்திரி ஒரு காணி; நான்கு காணி ஒரு மா; ஐந்து மா ஒரு கால்; நான்கு கால் ஒன்று. ஆக, முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு. கால், அரைக்கால், மாகாணி ஆகியவை முறையே 1/4, 1/8, 1/16. இவற்றைக் கணினி பிசகின்றி ஏற்கும். மா 1/20, காணி 1/80. இவற்றில் ஐந்து ஒளிந்திருப்பதால் ஏற்காது. ஆனால் மாவையும் காணியையும் கூட்டினால் மாகாணி, அதாவது 1/16, சரியாக வருவதை நம் முன்னோர் பெயரிலேயே பதித்து வைத்தனர். அவர்கள் எதையும் வெட்டவில்லை. பின்னத்தைப் பின்னமாகவே வைத்துக் கணக்கிட்டனர்.

வெட்டினால் என்ன நேரும்? நம் நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1957 ஏப்ரல் முதல் நாள் தசம நாணய முறை நடைமுறைக்கு வந்தது. பதினாறு அணா கொண்ட ரூபாய், நூறு நயா பைசா ஆயிற்று. ஓர் அணாவின் உண்மை மதிப்பு ஆறே கால் நயா பைசா. கால் பைசாவுக்கு நாணயம் இல்லையாதலால் மாற்று அட்டவணையில் ஓர் அணாவுக்கு 6, இரண்டு அணாவுக்கு 12, மூன்று அணாவுக்கு 19, நான்கு அணாவுக்கு 25 என்று வகுத்தனர். ஓரணாப் பண்டம் பதினாறைத் தனித்தனியே விற்ற கடைக்காரருக்குக் கிடைப்பது 96 நயா பைசா. ஒருசேர விற்றவருக்கு நூறு. ஒவ்வொரு படியிலும் வெட்டியதன் பயன் அந்த நான்கு பைசா.

நான்கு பைசாதானே என்று எண்ண வேண்டா. 1991 பிப்ரவரி 25 அன்று, வளைகுடாப் போரின்போது, சவுதி அரேபியாவின் தஹ்ரானில் பேட்ரியட் என்னும் எதிர் ஏவுகணை அமைப்பு, வந்துகொண்டிருந்த ஏவுகணையைத் தடுக்கத் தவறியது. அதன் கடிகாரம் பத்தில் ஒரு வினாடி வீதம் காலத்தை எண்ணியது. அந்த எண்ணிக்கையை வினாடியாக மாற்றுவதற்கு, பத்தில் ஒன்றை 24 இரும இலக்கங்களில் வெட்டி வைத்திருந்தனர். நூறு மணி நேரம் இடைவிடாது இயங்கியபின் பிழை ஏறத்தாழ வினாடியில் மூன்றில் ஒரு பங்காக வளர்ந்தது. அந்நேரத்தில் அவ்வேவுகணை அரைக் கிலோமீட்டருக்கு மேல் கடந்துவிடும். அமெரிக்கப் படைவீரர் 28 பேர் உயிரிழந்தனர்.

இனி, நிரல்மொழியில் இதற்குள்ள பரிகாரத்தைக் காண்போம். பைத்தானில் ஃபிராக்ஷன் என்றோர் எண் வகை உண்டு. அது தொகுதியையும் பகுதியையும் இரு முழு எண்களாகவே வைத்துக்கொள்ளும். 1/10 உடன் 1/5-ஐக் கூட்டும்போது, நீங்கள் பள்ளியில் செய்தவாறே முழு எண்களைக் கொண்டே கணக்கிட்டுச் சுருக்கி 3/10 என்று விடை தரும். முழு எண்களுக்கு வெட்டு இல்லை. ஆதலால் பிசகும் இல்லை.

ஆனால் ஓர் எச்சரிக்கை. அந்த வகைக்கு 0.1 என்ற தசமத்தை நேரே கொடுத்தால் 1/10 கிடைக்காது; 3602879701896397/36028797018963968 என்ற பூதம் எழும். வெட்டுப்பட்ட பின் வந்த எண்ணை அது உள்ளபடியே பின்னமாக்குகிறது, அவ்வளவுதான். போன பால் திரும்பக் கறவைக்குள் ஏறுமா? ஆகவே ஒன்று, பத்து என்னும் இரு முழு எண்களைத் தனித்தனியே கொடுக்க வேண்டும். அல்லது மேற்கோள் குறிகளுக்குள் எழுத்துச் சரமாகக் கொடுக்க வேண்டும்.

துல்லியத்திற்கும் விலை உண்டு. 1, 1/2, 1/3 என்று 1/10 வரை கூட்டினாலே 7381/2520 வருகிறது. கூட்டக் கூட்ட இலக்கங்கள் பெருகும், வேகம் குறையும். இரண்டின் வர்க்கமூலம் போன்ற விகிதமுறா எண்கள் இம்முறையில் அடங்கா. வானிலையைக் கணிப்போரும் பாலத்தின் உறுதியை அளப்போரும் தசமத் தோராயத்தையே கையாள்வர். அவர்கள் அளந்த அளவுகளே தோராயமானவை. ஆனால் பங்கு பிரித்தல், சமன்பாடு தீர்த்தல், நிகழ்தகவு காணல் போன்று விடை சரியாக இருந்தே தீரவேண்டிய இடங்களில் பின்னமே துணை.

இவற்றைக் கேட்ட மாணவர், பத்தில் ஒன்றைப் பின்னமாகக் கொடுத்துப் பத்து முறை கூட்டினார். விடை 1 என்று வந்தது. பின்னர்த் தசமமாகக் கொடுத்துக் கூட்டினார், 0.9999999999999999 என்று வந்தது. இரண்டையும் குறிப்பேட்டில் அடுத்தடுத்து எழுதிக்கொண்டார்.

நீங்களும் அவ்வாறே செய்து பாருங்கள். சீராக்க வேண்டியிருந்தால் கணக்கின் இறுதியில் ஒரே ஒருமுறை சீராக்குங்கள். அதுவரை பின்னத்தைப் பின்னமாகவே இருக்க விடுங்கள்.