மலை எங்கேயும் ஓடிப் போகாது

வீரகேரளம்புதூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் மேற்கே குற்றாலத்து மலை தெரியும். மாசி, பங்குனியில் சில ராத்திரிகளில் அந்த மலைமேல் சிவப்பாக ஒரு கோடு நெளியும். "அங்கே பாரு, மலைக்கு மாலை போட்டிருக்காங்க" என்று காட்டிக் காட்டியே என் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டியிருக்கிறேன். அது காட்டுத் தீ என்று தெரியும். ஆனாலும் தூரத்தில் எரிகிற தீ அழகாகத்தானே இருக்கிறது! அந்த மாலைக்குக் கிட்டத்தில் போய்விட்டுத் திரும்பி வந்த ஒரு நாளைப் பற்றித்தான் சகோதரிகளுக்கு எழுதுகிறேன்.

என் கணவருக்கு இருதய ஆபரேஷன் நடந்த சமயம், 'நல்லபடியாக எழுந்து நடமாடினால் சதுரகிரிக்கு நடந்தே வந்து கும்பிடுகிறேன்' என்று வேண்டி, மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தேன். அவர் எழுந்து வேலைக்கும் போய்விட்டார். நான்தான் மலைக்குப் போகவில்லை. ஒரு தடவை மகனுக்குப் பரீட்சை. ஒரு தடவை மாமியாருக்குக் காய்ச்சல். ஒரு தடவை மழை என்று பாதையை அடைத்துவிட்டார்கள். நம் பிரயாணமெல்லாம் இப்படித்தானே... வீட்டில் எல்லாருக்கும் எல்லாம் ஒழிந்த பிறகுதான் நமக்கு ஒரு நாள் ஒழியும்! மூன்று வருடம் தள்ளிப்போய், ஒரு பங்குனிப் பௌர்ணமிக்குத்தான் வாய்த்தது.

நான், என் மதினி, பக்கத்து வீட்டு அக்கா, காலேஜில் படித்துக்கொண்டிருந்த என் மகள் என்று நாலு பேர். விடியும் முன்னே வேனில் கிளம்பி சங்கரன்கோவில், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு வழியாகத் தாணிப்பாறை போய்ச் சேர்ந்தோம். அங்கிருந்து சுந்தரமகாலிங்கம் சன்னதிக்குச் சுமார் 10 கிலோமீட்டர். எல்லாம் கல்லும் ஏற்றமும்தான். தூக்குச்சட்டியில் புளியோதரையும் இடுப்பில் மஞ்சள் துணி முடிச்சுமாக, 'சுந்தரமகாலிங்கத்துக்கு அரோகரா' என்று ஏற ஆரம்பித்தோம்.

பாதி வழியில், இரட்டை லிங்கத்தைத் தாண்டியதும் எனக்குப் புகை வாடை அடித்தது. "மேலே அன்னதானத்துக்கு அடுப்பு மூட்டியிருப்பாங்க" என்றாள் மதினி. இருபத்தைந்து வருடம் விறகடுப்போடு கிடந்தவளுக்கு விறகுப் புகை தெரியாதா? இது அந்த வாடை இல்லை. காய்ந்த புல்லும் பச்சை இலையும் சேர்ந்து கருகிய காரம். கொஞ்ச நேரத்தில் கரும்புத் தோகை எரித்தால் பறக்குமே, அந்த மாதிரி கறுப்புச் சாம்பல் ஒன்று என் சேலையில் வந்து விழுந்தது. எதிர்ச் சரிவு மங்கலாகிப்போனது. மகளுக்கு இருமல் ஆரம்பித்தது. சின்ன வயதிலிருந்தே இழுப்பு உள்ள பிள்ளை.

மேலேயிருந்து வனத்துறை வாட்சர் ஒருவர் விசில் ஊதிக்கொண்டே வந்தார். "மேல புல்லு பத்தியிருக்கு. எல்லாரும் திரும்பி இறங்குங்கம்மா" என்றார்.

மதினி விடவில்லை. "பாதி வந்தாச்சே தம்பி. நேர்த்திக்கடனை நடுவழியில விட்டா ஆகுமா? சாமி பாத்துக்கிடும்" என்றாள்.

"சாமி பாத்துதான் என்னைக் கீழ அனுப்பியிருக்கு. இறங்குங்க" என்றார் அவர்.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நிமிடம் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது மகளின் இருமல் இல்லை. 'மூணு வருஷம் கழிச்சுக் கிளம்பி, பாதியிலே திரும்பி வந்துட்டாளா?' என்று வீட்டில் கேட்பார்களே, அந்தப் பேச்சுதான். வாய்விட்டே சொன்னேன், "கொஞ்சம் பொறுத்துப் பார்த்துட்டு ஏறுவோமே" என்று. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா... குரங்கணி" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒருத்தரும் பேசவில்லை. இறங்க ஆரம்பித்தோம்.

குரங்கணியை மறந்திருக்க மாட்டீர்கள். 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் போடிக்கு மேற்கே உள்ள மலை. சென்னையிலிருந்தும் திருப்பூர், ஈரோடு பக்கமிருந்தும் மலையேறப் போயிருந்தவர்கள், கொழுக்குமலையிலிருந்து இறங்கி வரும்போது தீயில் மாட்டிக்கொண்டார்கள். மாண்டவர்கள் 23 பேர். போனவர்களில் அதிகம் பெண்கள். படித்தவர்கள், வேலை பார்ப்பவர்கள், புதிதாகக் கல்யாணமானவர்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் மாதிரிதான். அவர்களும் தீயைப் பார்க்கவா கிளம்பிப் போனார்கள்? அந்த வாரம் முழுக்க என் மகள் பேப்பரை வைத்துக்கொண்டு அழுதது எனக்குத் தெரியும். நாங்கள் சதுரகிரி போனது அது நடந்து ஓரிரு வருடம் கழித்து.

இறங்கும் வழியில் அந்த வாட்சரிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதும், பிறகு படித்துத் தெரிந்துகொண்டதும் நம் எல்லோருக்கும் உதவும். அடுப்பில் சுவாலை மேல்நோக்கித்தானே போகும்? மலையிலும் அதேதான். தீ சரிவில் ஏறும்போது, மேலே இருக்கும் புல்லை முதலிலேயே காய்ச்சி வைத்துவிடுகிறது. சரிவு 10 டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகி விடுமாம். பகலில் மலைக்காற்றும் கீழிருந்து மேலேதான் வீசும். அதனால் தீக்கு மேல்புறம் நிற்கவே கூடாது. மேல்நோக்கி ஓடித் தீயை ஜெயிக்க முடியாது. மாட்டிக்கொண்டால் புல்லும் புதரும் இல்லாத பாறை, ஓடை, ஏற்கெனவே எரிந்து ஆறிய தரை, இவற்றில் எது பக்கமோ அங்கே ஒதுங்க வேண்டும். நெருக்கமான புல்லுக்குள்ளோ, குறுகலான பள்ளத்துக்குள்ளோ இறங்கக் கூடாது.

நனைத்த துணியை மூக்கில் கட்டினால் சாம்பல் கொஞ்சம் தடுபடும். புகையில் இருக்கிற விஷ வாயு தடுபடாது. ஆகவே, புகை தெரிந்தால் தீ எங்கே என்று தேடிப் பார்த்துக்கொண்டு நிற்காமல் விலகுவதுதான் வழி. நைலக்ஸ், பாலியஸ்டர் துணி சூட்டில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். மலைக்குப் பருத்திதான் நல்லது. சுட்ட புண்ணில் எண்ணெய், பேஸ்ட், இங்க் எதையும் தடவாமல், 20 நிமிடம் சாதாரணத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இழுப்பு உள்ளவர்கள் மருந்தைப் பையின் அடியில் திணிக்காமல் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, நம் பங்கும் இதில் உண்டு. கோயில் மலைக்குப் போனால் கண்ட கல்லிலெல்லாம் சூடம் ஏற்றிவிட்டு, அது அணைந்ததா என்று பார்க்காமலே நடந்துவிடுகிறோம். கோடைக் காட்டுக்கு ஒரு சூடமே போதும்.

குரங்கணிக்குப் பிறகு, 2018-லேயே மலையேற்றத்துக்கு அரசு தனி விதிகள் கொண்டு வந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளை, வழிகாட்டிகளுடன் முன்பதிவு செய்து போகும்படி திறந்துவிட்டது. எங்கள் குற்றாலம் செண்பகாதேவி அருவிப் பாதையும் அதில் ஒன்று. 2025-ல் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை, தீப்பிடிக்கும் காலம் என்று அந்தப் பாதைகளை மூடியும் வைத்தார்கள். அடைத்த பாதையைப் பார்த்து நாம் அலுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். நாங்கள் தாணிப்பாறைக்கு வந்து புளியோதரையைப் பிரிக்கும்போது மகளுக்கு மூச்சு சீராகிவிட்டது. சாயங்காலத்துக்குள் தீயை அணைத்துவிட்டார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று மறுநாள் தெரிந்தது. "பார்த்தியா, ஏறியிருக்கலாம்" என்று மதினி இன்றைக்கும் சொல்கிறாள். சொல்லட்டும். ஒன்றும் ஆகாத நாளில் திரும்பி வருவது நஷ்டம் மாதிரிதான் தெரியும். ஆகிற நாள் எது என்று முன்கூட்டி யாருக்குத் தெரியும்?

வீட்டுக்கு வந்ததும் மாமியார் முன்னால் மஞ்சள் முடிச்சோடு நின்றேன். பெரிய பேச்சு விழும் என்றுதான் நினைத்தேன். அவர் பேத்தியின் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "மலை எங்கேயும் ஓடிப் போகாது ஏட்டி. காசை அரிசிப் பானையில போட்டு வை" என்றார்.

அடுத்த தை அமாவாசைக்கு அதே முடிச்சை எடுத்துக்கொண்டு, அதே நாலு பேரும் போய் வந்தோம். இரட்டை லிங்கத்தைத் தாண்டும்போது மட்டும் நாலு பேரும் ஒன்றுபோல மூக்கை உறிஞ்சிப் பார்த்துக்கொண்டோம்!

- ஒரு வாசகி, வீரகேரளம்புதூர்.