உங்களுக்குத் தெரியுமா? சாரல் நேரத்துத் தடுமனும் பிரஷர் மாத்திரையும்

ஜூன் பிறந்தால் குற்றாலத்தில் சீசன். பண்பொழி, மேக்கரை, வடகரையில் சாரலோடு தடுமனும் இருமலும். காய்ச்சல் வந்ததும் 'இத்தனை மாத்திரை எதுக்கு' என்று பெரியவர்கள் முதலில் நிறுத்துவது பிரஷர் மாத்திரையைத்தான். தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். அட்டெனலால், மெட்டோபுரலால் போன்றவற்றைத் திடீரென நிறுத்தினால் நெஞ்சுவலி வரைக்கும் போகலாம்.

பிரஷர் மாத்திரையை நிறுத்த வேண்டுமோ என்ற பயம் 2020-இல் உலகத்தையே ஆட்டியது. கொரோனா வைரஸ் செல்லுக்குள் நுழையப் பற்றிக்கொள்ளும் புரதம் ஏ.சி.இ.2. எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்டான், டெல்மிசார்டான் ஆகிய பிரஷர் மாத்திரைகள் அந்தப் புரதத்தைப் பெருக்கி, நோயை முற்ற வைக்குமோ என்று மார்ச்சில் சந்தேகம் கிளம்பியது. ஐரோப்பிய, அமெரிக்க இதயநோய் மருத்துவர் சங்கங்கள் அதே மாதத்தில் 'நிறுத்தாதீர்கள்' என்று அறிவித்தன.

அதைச் சோதித்தே பார்த்தது பிரேசில். 29 மருத்துவமனைகள், கொரோனாவோடு சேர்ந்த 659 பேர். பாதிப் பேருக்கு இந்த மாத்திரைகளை 30 நாள் நிறுத்தினார்கள், மற்றவர்களுக்குத் தொடர்ந்தார்கள். இறந்தவர்கள் நிறுத்தியவர்களில் 2.7 சதவீதம், தொடர்ந்தவர்களில் 2.8. நிறுத்தியதால் ஒரு லாபமும் இல்லை. முடிவு 2021 ஜனவரியில் வெளியானது.

எனலாப்ரில் வகையின் முதல் மாத்திரையான கேப்டோப்ரில் பிறந்த கதையும் பிரேசிலில்தான் தொடங்குகிறது. அங்குள்ள ஜராரகா விரியனின் விஷத்தை ஆராய்ந்ததில் கிடைத்த துப்பு அது.

கொரோனாவை டெல்மிசார்டான் குணமாக்குமா? இந்தியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் 787 பேரிடம் இந்த வகை மருந்துகளைச் சோதித்தார்கள். பலன் இல்லை என்று 2022-இல் தெரிந்தது.

உண்மையில் பயப்பட வேண்டியது மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சளி மாத்திரைக்கு. அட்டையைத் திருப்பிப் பாருங்கள்: பாராசிட்டமாலுக்கும் குளோர்பெனிரமினுக்கும் பக்கத்தில், பொடி எழுத்தில் பினைல்எப்ரின் என்று பலவற்றில் இருக்கும். மூக்கடைப்புக்காகச் சேர்ப்பது, ரத்தக் குழாயைச் சுருக்கும் மருந்து. பிரஷர் உள்ளவர்களுக்கு ஆகாது. உடம்புவலிக்கு வாங்கும் டைக்ளோபினாக்கும் பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தையும் பாதிக்கும். சாதாரணக் காய்ச்சலுக்கு வெறும் பாராசிட்டமால் போதும்.

தடுமன் போய் வாரக்கணக்கான பிறகும் வறட்டு இருமல் விடவில்லையா? எனலாப்ரில், ராமிப்ரில் எடுப்பவர்களில் சிலருக்கு அந்த மாத்திரையே இருமலைக் கிளப்பும். டாக்டரிடம் சொன்னால் வேறு மாத்திரைக்கு மாற்றுவார்.

'நிறுத்தாதீர்கள்' என்பதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு. காய்ச்சலோடு வாந்தி, வயிற்றுப்போக்கு, எழுந்தால் கிறுகிறுப்பு என்றால் உடம்பில் நீர் வற்றியிருக்கிறது. அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். லோசார்டானையோ நீர் மாத்திரையையோ ஓரிரு நாள் தள்ளிவைக்கச் சொல்லலாம். முடிவு டாக்டருடையது.

2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தின் வழியாக, வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரை தருகிறார்கள். அவர்கள் வரும்போது கடையில் வாங்கிய சளி மாத்திரை அட்டையையும் எடுத்துக் காட்டுங்கள்.