அரங்கில் கூடும் மஹல்லா

2016 மே மாதம் களனி கங்கை பெருகி வத்தளையின் தாழ்ந்த பகுதிகளுக்குள் தண்ணீர் வந்தபோது, எங்கள் ஒழுங்கையில் இடுப்பளவு நின்றது. தண்ணீர் வடிந்ததும் ஊரார் சேர்ந்து உலர் உணவுப் பொதி பங்கிட்டோம். யார் யாருக்கு என்று பட்டியல் எழுதியவன் நான். சந்தாப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெயர்களைப் பார்த்து எழுதினேன். வேலை சுலபமாக முடிந்தது.

மூன்றாம் நாள் ஒரு பெண் வந்தார். பின்கட்டு அறையொன்றில் வாடகைக்கு இருப்பவர், தையல் மெஷினை வைத்து மூன்று பிள்ளைகளை வளர்ப்பவர். அந்த மெஷினும் தண்ணீரில் போய்விட்டிருந்தது. "எங்கட பேர் ஈக்கா நானா?" என்று கேட்டார். நான் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "சந்தாவில ஒங்கட பேர் இல்லியே தாத்தா" என்றேன். அவர் சண்டை பிடிக்கவில்லை. "சரி" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் பொய் சொல்லவில்லை, விதியை மீறவுமில்லை. அதனால் அது ஒரு தவறு என்று எனக்குத் தோன்றவே இல்லை.

தோன்றியது அடுத்த வருஷம். கொழும்பில் ஓர் அரங்கக் குழு நடத்திய நிகழ்வுக்கு நண்பர் ஒருவர் அழைத்துப் போனார். நாடகம் என்றுதான் போனேன். மேடை இல்லை, பிளாஸ்டிக் கதிரைகள் வட்டமாகப் போடப்பட்டிருந்தன. பதினைந்து நிமிஷ நாடகம். வாடகை வீட்டில் இருக்கும் ஒரு பெண் ஒரு கையெழுத்துக்காக அலுவலகம், வீட்டுக்காரர், சங்கத் தலைவர் என்று அலைகிறாள். எல்லோரும் மரியாதையாகவே பேசுகிறார்கள், ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை. கடைசியில் அவள் "சரி" என்று சொல்லிவிட்டுப் போகிறாள். நாடகம் முடிந்தது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

கைதட்டி எழும்பப் பார்த்தோம். நடத்துநர் விடவில்லை. "இதே நாடகத்தைத் திரும்பப் போடுவோம். அவள் வேறு மாதிரிச் செய்திருக்கலாம் என்று எந்த இடத்தில் தோன்றுகிறதோ, அந்த இடத்தில் 'நிறுத்துங்கள்' என்று சொல்லுங்கள். சொன்னவர் வந்து அவளுடைய இடத்தில் நின்று நடித்துக் காட்ட வேண்டும்" என்றார். முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு பின்வரிசையில் இருந்து ஒரு பிள்ளை, "நிப்பாட்டுங்கொ" என்றது. அதன் பிறகு இரண்டு மணித்தியாலம் அந்த மண்டபம் பேசியது. அந்த முறை எங்கிருந்து வந்தது, எப்படி வேலை செய்கிறது, நமக்கு எதற்கு உதவும் என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

இதை ஆங்கிலப் பெயரோடு ஃபோரம் தியேட்டர் என்பார்கள். விவாத அரங்கு என்று தமிழில் சொல்லலாம். பிரேசில் நாட்டு நாடகக்காரர் அகஸ்தோ போவால் (1931 - 2009) உருவாக்கிய 'ஒடுக்கப்பட்டோர் அரங்கு' என்ற பெரிய முறையின் ஒரு கிளை இது. பிரேசிலின் இராணுவ ஆட்சி 1971இல் அவரைக் கைது செய்து சித்திரவதை செய்தது. பிறகு நாட்டை விட்டு வெளியேறி, 1973இல் பெரு நாட்டின் எழுத்தறிவுத் திட்டமொன்றில் வேலை செய்தார்.

அங்கே எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண்ணின் கதையை நடித்துக் காட்டினார்கள். கணவன் அவளிடம் சில தாள்களைக் கொடுத்து, முக்கியமான பத்திரங்கள், பத்திரமாக வை என்று சொல்லியிருந்தான். பக்கத்து வீட்டுக்காரி வாசித்துக் காட்டியபோதுதான் அவை இன்னொரு பெண் அவனுக்கு எழுதிய காதல் கடிதங்கள் என்று தெரிந்தது. இனி அவள் என்ன செய்ய வேண்டும் என்று பார்வையாளரைக் கேட்டார்கள். ஒரு பெண்மணி ஒரு யோசனை சொன்னார். நடிகை அப்படியே செய்தார். "நான் சொன்னது இது இல்லை" என்றார் அந்தப் பெண்மணி. மறுபடி செய்தார்கள். மறுபடியும் இல்லை. கடைசியில் போவால், நீங்களே வந்து காட்டுங்கள் என்று அவரை மேடைக்கு அழைத்தார். சொன்னதை வேறொருவர் செய்வதற்கும், தானே எழும்பிச் செய்வதற்கும் எவ்வளவு தூரம் என்று அன்றைக்குப் புரிந்ததாகப் போவால் பின்னாளில் எழுதினார்.

முறையின் விதிகள் எளிமையானவை. நாடகம் உண்மையான ஒரு பிரச்சினையில் இருந்து வர வேண்டும்; தோல்வியில் முடிய வேண்டும். வென்று முடியும் நாடகத்தைப் பார்த்தவர் திருப்தியோடு வீட்டுக்குப் போய்விடுவார். பார்வையாளர், அநியாயத்துக்கு உள்ளானவரின் இடத்தில் மட்டுமே வந்து நிற்கலாம். அதிகாரியையோ வீட்டுக்காரரையோ நல்லவராக மாற்றி நடிக்க அனுமதி இல்லை. ஏனென்றால் நிஜத்தில் அவர் அப்படி மாறப் போவதில்லை. மாறாக, அந்தப் பாத்திரத்தை நடிப்பவர் விட்டுக்கொடுக்காமல் எதிர்த்து நிற்க வேண்டும். அப்போதுதான் கொண்டுவந்த யோசனை தாங்குமா உடையுமா என்று தெரியும். 'ஜோக்கர்' எனப்படும் நடத்துநர் தீர்ப்புச் சொல்லக் கூடாது. "இது நடக்குமா? ஏன் நடக்காது? வேறு வழி உண்டா?" என்று சபையைக் கேட்டுக்கொண்டே இருப்பது மட்டும்தான் அவர் வேலை.

போவால் இதை இன்னும் ஒரு படி கொண்டுபோனார். 1992இல் ரியோ டி ஜெனிரோ மாநகர சபைக்குத் தெரிவாகி, 1993 முதல் 1996 வரை உறுப்பினராக இருந்தார். நகரத்தின் பல பகுதிகளில் இப்படி நாடகம் போட்டு, மக்கள் முன்வைத்த யோசனைகளைச் சட்டமூலங்களாக எழுதிச் சபைக்குக் கொண்டுபோனார். அந்த வழியில் 13 சட்டங்கள் நிறைவேறின. முதியோருக்கான வைத்தியசாலைப் பராமரிப்பு பற்றிய சட்டம் அதில் ஒன்று. நம் பக்கத்தில், மேற்கு வங்கத்தின் சுந்தரவனப் பகுதியில் 1985இல் சஞ்சய் கங்குலி தொடங்கிய ஜன சன்ஸ்கிருதி என்ற அமைப்பு, விவசாயிகளையும் கூலித் தொழிலாளரையுமே நடிகர்களாகக் கொண்டு பல வருஷங்களாக இதைச் செய்து வருகிறது.

இலங்கைக்கும் இது அந்நியமல்ல. காமினி ஹத்தொட்டுவேகம 1974இல் தன் வீதி நாடகக் குழுவைத் தொடங்கி, நாடகத்தைச் சந்திக்கும் பஸ் நிலையத்துக்கும் கொண்டுபோனார். யாழ்ப்பாணத்தில் 1985இல் மேடையேறிய குழந்தை ம. சண்முகலிங்கத்தின் 'மண் சுமந்த மேனியர்' ஊரூராகப் போனது. பராக்கிரம நிரியெல்லவும் எச்.ஏ. பெரேராவும் தொடங்கிய ஜனகரளிய, சிங்கள, தமிழ் இளைஞரை ஒரே குழுவில் சேர்த்து, இடம் பெயரும் வட்ட அரங்கோடு இரண்டு மொழியிலும் நாடகம் போட்டது. ருவந்தி டி சிக்கேராவின் ஸ்டேஜஸ் குழு, மூத்த தலைமுறையினரை உட்காரவைத்து அவர்கள் வாழ்ந்த நாட்டைப் பற்றிக் கேட்டு, அந்தப் பேச்சுகளில் இருந்தே நாடகங்களை உருவாக்கியது. இவற்றில் எல்லாம் நாடகம் முடிந்தாலும் பேச்சு முடிவதில்லை.

"நாடகமா? நமக்கெதுக்கு அது?" என்று நம்மில் சிலர் கேட்பார்கள். கேள்வியில் நியாயம் உண்டு, ஒதுக்கிவிடக் கூடாது. நடிப்பு, இசை, ஆண் பெண் கலப்பு பற்றி உலமாக்களிடம் கருத்து வேறுபாடுகள் இருக்கின்றன. ஆனால் இந்த முறைக்கு இசை தேவையில்லை, ஒப்பனை தேவையில்லை. பெண்களுக்கு மட்டும், பெண்களே நடத்தும் அமர்வாகவும் வைக்கலாம். எஞ்சுவது கேள்வியும் பதிலும்தான். அது நமக்குப் புதிதில்லை. முழுமையாக நமக்குக் கிடைத்துள்ள இஸ்லாமியத் தமிழ் நூல்களில் மிகப் பழையதாகக் கருதப்படும் 'ஆயிர மசலா' (1572) முழுக்க முழுக்கக் கேள்வி பதில். மசலா என்று ஒரு இலக்கிய வகையே நம்மிடம் இருக்கிறது. கலந்தாலோசனை என்ற பொருள்படும் 'அஷ்ஷூரா' குர்ஆனின் 42ஆவது அத்தியாயம். 58ஆவது அத்தியாயத்தின் பெயர் 'அல்முஜாதலா', தர்க்கிக்கும் பெண். கணவர் தனக்குச் செய்த அநியாயத்தை நபிகளாரிடம் வந்து வாதாடிய கவ்லா பின்த் தஃலபாவின் முறையீட்டில் தொடங்குகிறது அது. அவரை யாரும் "புத்தகத்தில் பெயர் இல்லை" என்று சொல்லித் திருப்பி அனுப்பவில்லை.

நம் கூட்டங்களை நினைத்துப் பாருங்கள். முன்வரிசையில் ஹாஜியார்மார், ட்ரஸ்டிமார், படித்தவர்கள். ஒலிவாங்கி அவர்கள் கையைத் தாண்டிப் போவதில்லை. வாடகைக்கு இருப்பவர், நாட்கூலிக்குப் போகும் இளைஞர், கணவரை இழந்த பெண் எல்லோரும் பின்னால், அல்லது வீட்டில். அவர்களுக்குக் கருத்து இல்லை என்பதல்ல. எழும்பிப் பேசும் பாஷை அவர்களிடம் இல்லை என்று நாமாக முடிவு கட்டிவிட்டோம். விவாத அரங்கு பேச்சுத் திறமை கேட்பதில்லை. "இப்படிச் செய்திருப்பேன்" என்று செய்து காட்டினால் போதும்.

பேச வேண்டியவை வத்தளையில் நிறையவே இருக்கின்றன. முத்துராஜவெல சதுப்பு நிலம் நிரப்பப்பட நிரப்பப்பட, வெள்ளநீர் எங்கே போகும்? 2021இல் எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து கரையெல்லாம் பிளாஸ்டிக் மணிகள் ஒதுங்கியபோது, மீன் விற்றுப் பிழைத்த நம் அயலவர் என்ன ஆனார்கள்? நமக்குள்ளே இன்னும் கடினமானவை உண்டு. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத் திருத்தம் பற்றி ஆராய 2009இல் நியமிக்கப்பட்ட சலீம் மர்சூப் குழு அறிக்கை கொடுக்க 2018 ஆனது. இரு தரப்பும் அறிக்கைக்கு மேல் அறிக்கை விட்டது. காதி நீதிமன்ற வாசலில் பிள்ளையோடு காத்திருக்கும் ஒரு பெண்ணின் ஒரு நாளை, எந்தத் தரப்பினரும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்ததாக நான் அறியேன். அபிப்பிராயம் சொல்வதற்கு முன் பார்க்க வேண்டும் இல்லையா?

இன்னொரு பயனும் இருக்கிறது. பள்ளிவாசல் நமக்கு, கோயில் அவர்களுக்கு, சேர்ச் இவர்களுக்கு. மூவரும் பன்சாலைக்குப் போகிறவரும் சேர்ந்து உட்கார வத்தளையில் எத்தனை இடம்? 2020 டிசம்பரில், கட்டாய ஜனாஸா எரிப்புக்கு எதிராகப் பொரளை மயான வேலியில் வெள்ளைத் துணி கட்டியவர்களில் மற்றச் சமூகத்தவரும் இருந்தார்கள். நம் வலி அவர்களுக்குப் புரிந்தது, ஒரு துணியால் அதைச் சொன்னார்கள். உட்கார்ந்து பேச ஒரு பொது இடம் இருந்தால் துணியோடு நின்றிருக்க வேண்டியதில்லை.

ஆபத்துகளையும் சொல்லிவிட வேண்டும். போவால் தன்னைப் பற்றியே சொன்ன கதை ஒன்று. இளமையில் அவருடைய குழு, நிலத்துக்காக இரத்தம் சிந்துவோம் என்று விவசாயிகள் முன் துப்பாக்கியோடு பாடி நடித்தது. விர்ஜிலியோ என்ற விவசாயி வந்து கட்டிப்பிடித்து, வாருங்கள், உங்கள் துப்பாக்கிகளோடு நிலக்காரனிடம் போவோம் என்றார். இவை நாடகத் துப்பாக்கிகள், நாங்கள் வெறும் நடிகர்கள் என்று தலைகுனிய வேண்டி வந்தது. தான் செய்யத் துணியாததை மற்றவருக்கு உபதேசிக்கக் கூடாது என்பது அவர் படித்த பாடம். அதேபோல, ஊரில் உள்ள ஒருவரை அடையாளம் காட்டும் விதமாகக் கதை அமைக்கக் கூடாது. அது கீபத் ஆகிவிடும். நடத்துநர் பயான் செய்யத் தொடங்கினால் நிகழ்ச்சி அங்கேயே முடிந்தது. வந்த யோசனைகளை யாராவது எழுதி, யாரிடம் கொண்டுபோவது என்று அன்றைக்கே முடிவு செய்யாவிட்டால், அழுதுவிட்டுக் கலைந்த கூட்டமாகத்தான் மிஞ்சும்.

நாங்கள் பிறகு ஒரு வீட்டு முற்றத்தில், முப்பது பேர் அளவில், வெள்ள நிவாரணப் பட்டியல் பற்றிய பத்து நிமிஷ நாடகம் ஒன்றைப் போட்டோம். பட்டியல் எழுதுபவராக நானே நடித்தேன். விதிப்படி விட்டுக்கொடுக்காமல் நின்றேன். ஒருவர் என்னைத் திட்டிப் பார்த்தார், ஒருவர் கெஞ்சிப் பார்த்தார், நான் அசையவில்லை. பிறகு ஒரு வயதான உம்மா எழும்பி வந்து, சந்தாப் புத்தகத்தை மெதுவாக என் கையில் இருந்து வாங்கி மூடி வைத்தார். "மகன், இந்தப் புத்தகம் காசு குடுத்தவங்கட பேரச் சொல்லும். தண்ணி ஏறின ஊட்டச் சொல்லாது. எழும்புங்கொ, ஒழுங்கையில நடந்து பாத்து எழுதுவோம்" என்றார். எனக்கு எதிர்த்துச் சொல்ல வசனம் வரவில்லை.

2025 நவம்பர் இறுதியில் திட்வா புயலோடு களனி கங்கை மறுபடி பெருகியது. இந்த முறை பட்டியலை வேறு பிள்ளைகள் எழுதினார்கள். கதவு கதவாக நடந்துதான் எழுதினார்கள். சந்தா என்ற கட்டம் தாளில் இல்லை, "இந்த ஊட்டுல எத்தன அடுப்பு?" என்பது முதல் கேள்வி. ஒரே வீட்டுக்குள் மூன்று அடுப்பு இருந்தால் மூன்று குடும்பம். பின்கட்டு அறையில் இருந்த அந்தத் தாத்தா எப்போதோ வேறெங்கோ மாறிப் போய்விட்டார். அவரிடம் மன்னிப்புக் கேட்க எனக்குக் கிடைக்கவில்லை. அவர் இருந்த அறையில் இப்போது இருப்பவருடைய பெயர் பட்டியலில் இருந்தது. பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.